வலப்பக்க இருக்கை

ஸ்ரீவராகத்தில் குடியிருக்கும் நமக்கு விமான ஒலி புதிதன்று. பத்மநாபசுவாமி ஆராட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குச் செல்வதற்காக, ஆண்டுக்கு இருமுறை விமான நிலைய ஓடுபாதையையே சில மணி நேரம் மூடிவைக்கும் நகரம் திருவனந்தபுரம். ஆயினும் விமானம் பற்றிய ஒரு கேள்வி சென்ற ஆண்டுதான் நம் வீட்டுத் திண்ணையை வந்தடைந்தது.

அண்டை வீட்டுப் பிள்ளை ஐரோப்பிய விமான நிறுவனம் ஒன்றில் துணை விமானி. சிமுலேட்டரில் பயிற்சி அளிக்கும் ஆசிரியப் பணிக்குத் தம்மை அழைத்திருப்பதாக விடுமுறையில் வந்தபோது கூறினார். சிமுலேட்டர் என்பது தரையில் நிற்கும் விமானியறை. புயலையும் தீயையும் பொறிக்கோளாற்றையும் உயிருக்கு ஊறின்றிக் காட்ட வல்லது.

அவருடைய பாட்டனார் உடனே, "நீயே இன்னும் கேப்டன் ஆகல்லியே; கேப்டனுக்கு நீ என்னத்தைப்பா சொல்லிக் கொடுப்பே?" என்றார்.

"பெரிய விமானத்தில் ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் பறந்திருக்கணும்னுதான் அங்கே சட்டம் கேட்குது தாத்தா. எந்த இருக்கையில்னு கேட்கலை."

நம் உள்ளம் பெரியவர் பக்கமே சாய்ந்தது. நடுவணரசு அலுவலகத்தில் இருபது ஆண்டுகள் எழுத்தராய் இருந்தவர்க்குப் பதவி வரிசையே வேதம் அன்றோ? ஆனால் அன்றிரவு பழைய நிகழ்ச்சி ஒன்று நம்மை உறங்கவிடவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், பணிக்கு வந்து ஆறு மாதமே ஆன எழுத்தர் ஒருவர், இறந்துபோன ஊழியர் ஒருவரின் குடும்ப ஓய்வூதியக் கணக்கில் ஓர் ஊதிய உயர்வு விடுபட்டிருப்பதாக நம்மிடம் கூறினார். "முதலில் வேலையைக் கற்றுக்கொள்ளும்" என்று வாயடைத்தோம். அவர் கூறியதே சரி என்பது தணிக்கையில் வெளிப்படப் பதினொரு மாதங்கள் ஆயின. அத்தனை மாதமும் கணவரை இழந்த அம்மையார் ஒருவர் நம் செருக்கினால் குறைந்த தொகையே பெற்றார்.

நம் பிழை பணத்தோடு போயிற்று. வானத்தில் உயிரோடு போகும். 1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் தீவில் இரு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். அனுமதி பெறாமலே விமானத்தைக் கிளப்பிய கே.எல்.எம். கேப்டன் அந்நிறுவனத்தின் மூத்த பயிற்சியாசிரியர். அருகிலிருந்த துணை விமானியைச் சோதித்துத் தகுதி வழங்கியவரும் அவரே. பொறியாளர் எழுப்பிய ஐயத்தைக் கேப்டன் ஏற்கவில்லை. துணை விமானியும் தடுத்துரைக்கவில்லை. 2010 மே 22 அன்று மங்களூரிலோ துணை விமானி பேசினார். தரையிறங்காமல் மேலெழும்புமாறு மும்முறை கூறினார். கேப்டன் கேளாமல் இறக்கினார். 166 பேரில் 158 பேர் மாண்டனர்.

ஓரிடத்தில் வாய் திறக்கவில்லை. மற்றோரிடத்தில் செவி திறக்கவில்லை. இவ்விரண்டையும் கற்பிக்க வலப்பக்க இருக்கையில் அமர்பவரினும் தக்கார் யாவர்? துணை விமானி ஆசிரியராக நிற்கையில், இளையவர் சொல்லைக் கேட்டு நடக்கும் பழக்கம் கேப்டனுக்குப் பயிற்சியறையிலேயே வந்துவிடுகிறது. மைந்தன் உபதேசிக்கத் தந்தை செவி சாய்த்த சுவாமிமலை நம் நாட்டில்தானே உள்ளது?

எனினும் பெரியவர் கேள்வியில் பொருளில்லாமல் இல்லை. இறுதி முடிவின் சுமையைத் தாங்கியறியாதவர் அச்சுமையைப் பற்றி எவ்வாறு பாடம் சொல்வார்? அதனைக் கேப்டனே கற்பித்தல் வேண்டும். கருவிகளைக் கையாளும் முறையையும், ஒருவரையொருவர் கண்காணித்துத் திருத்தும் முறையையும் துணை விமானி தாராளமாகக் கற்பிக்கலாம். இருவகை ஆசிரியரும் தேவை என்பதே நம் துணிபு.

அந்தப் பிள்ளை பணியை ஏற்றுக்கொண்டார். நாமும் மேலதிகாரியைக் கண்டு, புதிதாய்ச் சேர்வோர்க்கு ஓய்வூதியக் கணக்குக் கற்பிக்கும் பொறுப்பை அந்த இளைய எழுத்தருக்கே அளிக்க வேண்டினோம். முதல் வகுப்பில் பின்வரிசையில் நாமும் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டோம்.