தாத்தா கையெழுத்துப் போட்டால் வரி யாருக்கு?

நம் ஊரில் பென்ஷன்காரர்கள் நாலு பேர் கூடினால் வருமான வரிப் பேச்சு வராமல் போகாது. அதில் பாதி சரியாக இருக்கும், மீதி வாய்வழிச் செய்தி. அப்படி ஒரு செய்தி போன வருஷம் ஒரு பையனின் காரியத்தையே தடுத்துவிடப் பார்த்தது.

பையனுக்கு வயது பதினைந்து. அப்பா அரசு ஊழியர். 2003 ஏப்ரலுக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவர் என்பதால் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அது முதலில் அம்மாவுக்கு வந்தது. அந்தப் பிள்ளையும் காலமான பிறகு பையனுக்கு வர வேண்டும். தாத்தாதான் காப்பாளராகக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். லெமன் மார்க்கெட் பக்கம் இரண்டு கடை வாடகையும் வருகிறது. யாரோ அவரிடம், "மைனர் வருமானம் உங்க கணக்குல சேரும், வரி கட்டி மாளாது" என்று சொல்லிவிட்டார்கள். பாரத்தை மூன்று மாதம் பீரோவிலேயே வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, எனக்கு வருஷத்துக்கு ஒம்பது லட்சம் வருது. இவன் பணமும் சேந்தா பன்னிரண்டைத் தாண்டிருமே" என்றார் என்னிடம்.

மைனர் வருமானத்தைச் சேர்ப்பது பெற்றோர் கணக்கில்தான், அதிலும் வருமானம் அதிகமுள்ளவர் கணக்கில். தாத்தா, சித்தப்பா, மாமா யாரும் அதில் வரமாட்டார்கள். பெற்றோர் இருவரும் இல்லையென்றால் அது பையனின் சொந்த வருமானம். காப்பாளர் அவன் சார்பாகக் கணக்குக் காட்டுகிறவர், அவ்வளவே. அம்மா உயிரோடிருந்து பிள்ளை பெயரில் தனியாகப் பணம் வந்திருந்தால் கதை வேறு. பி.எஃப். திட்டத்தில் பிள்ளைக்கென்று வரும் சிறு ஓய்வூதியம் அப்படித்தான், பதினெட்டு வயது வரை தாய் கணக்கில் சேரும்.

கணக்கையும் போட்டுக் காட்டினேன். மாதம் 30,000 என்றால் வருஷத்துக்கு 3,60,000. குடும்ப ஓய்வூதியம் சம்பளம் அல்ல, 'இதர வருமானம்'. அதனால் நமக்குக் கிடைக்கும் 75,000 நிலைக் கழிவு இதற்குக் கிடையாது. மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அதைக் கழிக்கலாம். இது புதிய முறையில், பழைய முறையில் 15,000தான். ஆக 3,35,000. டெபாசிட் வட்டி 70,000. மொத்தம் 4,05,000. புதிய முறையில் தள்ளுபடி போக வரி ஒரு பைசா இல்லை. ஆனால் 4 லட்சத்தைத் தாண்டுவதால் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். குடும்ப ஓய்வூதியத்தில் மூலத்தில் வரி பிடிப்பதில்லை என்பதால், கணக்கே காட்ட வேண்டாம் என்று பலர் இருந்துவிடுகிறார்கள்.

பையன் பெயரிலேயே பான் கார்டு எடுக்கச் சொன்னேன். மைனர் கார்டில் படமும் இருக்காது, கையெழுத்தும் இருக்காது. டெபாசிட்டில் தாத்தாவின் பான் எண்ணைக் கொடுத்தால் வட்டி முழுவதும் அவர் பெயரில் ஏறிவிடும். வம்பே அங்கேதான் ஆரம்பம்.

"சரி, வளக்குறது நாந்தானே, எனக்கு ஏதும் கழிவு உண்டா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பழைய முறையில்கூடப் பள்ளிக் கட்டணக் கழிவு சொந்தப் பிள்ளைகளுக்குத்தான், பேரனுக்கு இல்லை. அமெரிக்காவில் வீட்டில் வளரும் பேரனையும் சில நிபந்தனைகளோடு சார்ந்திருப்பவராகக் காட்டலாம். நம் சட்டத்தில் அதற்கு இடமே வைக்கவில்லை. எனக்கு அது சரியாகப் படவில்லை.

மறுநாளே பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நிலுவைத் தொகையும் சேர்ந்து வந்தது. பையனுக்கு பதினெட்டு ஆனதும் பான் கார்டைப் புதுப்பிக்க வேண்டும். அதைக் காலண்டரில் குறிக்க முடியாது என்று பீரோக் கதவின் உட்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறார்.