கச்சானில் ஒரு மீன்தொட்டி

2024 ஜூலை 6, சனி

உட்துறைமுக வீதி, அக்கா வீடு. மருமகளின் இரண்டடி மீன்தொட்டியைப் பார்க்கத்தான் கூப்பிட்டிருந்தார்கள். செடி விற்ற கடைக்காரர் "உரம் காணாது" என்று ஒரு போத்தலையும் தலையில் கட்டியிருக்கிறார். ஊற்ற ஊற்றச் செடி வெளிறுகிறது, பாசி செழிக்கிறது. கண்ணாடி முழுக்கப் பச்சைப் புள்ளி. அனுபியாஸ் இலையோரங்களில் கறுப்பாகக் குஞ்சம் கட்டினதுபோல் ஏதோ. கப்பி மீன்களுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை, குஞ்சு குட்டியோடு திரிகின்றன. அவை கடின நீரை விரும்புகிறவை. மீன் நல்லாய் இருப்பதைப் பார்த்துத் தண்ணீரும் நல்லது என்று அக்கா நம்பியிருந்தாள்.

"எந்த இலை முதல்ல வெளிறினது, பிள்ளை? அடியில கிடக்கிற பழசா, நடுவில வாற புதுசா?"

"புதுசுதான் மாமா. நரம்பு மட்டும் பச்சையா நிக்குது."

கெட்டிக்காரி. இதைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. நைதரசன், பொற்றாசியம், மகனீசியம் குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவித் தளிருக்கு அனுப்பிவிடும். அதனால் பழையதுதான் முதலில் வாடும். பொற்றாசியம் என்றால் பழைய இலையில் ஊசி குத்தினதுபோல் ஓட்டைகளும் விழும். இரும்பை அப்படி உருவி அனுப்பச் செடியால் முடியாது. தளிர் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புப் பஞ்சம். ஆனால் போத்தலில் இரும்பு இருக்கிறதே! லேபிளில் அச்சடித்தும் இருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

கச்சான் காற்று யன்னலைப் போட்டு அடிக்கிறது. தொட்டியில் தண்ணீர் நாளாந்தம் கண்ணுக்குத் தெரிய வற்றுகிறது. அக்கா காலையில் எழும்பினதும் கிணற்றில் அள்ளி, வற்றின அளவுக்கு ஊற்றிவிடுகிறாள். கேத்தலின் உட்புறத்தில் வெள்ளைப் படை பிடிக்க வைக்கிற கிணறு அது. ஆவியாகிறது தண்ணீர் மட்டும். சுண்ணாம்பு எங்கேயும் போகாது. அடுத்த வாளி இன்னும் கொஞ்சம் கொண்டுவரும். நிலாவெளி உப்பளப் பாத்தியில் நடப்பதும் இதேதான்.

பரிசோதனைத் தாளை நனைத்தோம். பி.எச். 8ஐத் தாண்டியிருந்தது. கடினத்தன்மைக் கட்டம் அட்டையில் உள்ள கடைசி நிறத்துக்குப் போய் நின்றது. மலிவு உரங்களில் இரும்பை ஈ.டி.டி.ஏ. என்ற பொருளோடு பிணைத்து வைத்திருப்பார்கள். பி.எச். 7ஐத் தாண்டி ஏற ஏற அந்தப் பிணைப்புத் தளர்ந்துபோகும். இரும்பு துருவாகப் படிந்துவிடும், வேருக்கும் இலைக்கும் எட்டாது.

அடி மணலில் ஒரு கரண்டி எடுத்துக் கழுவி, வினாகிரி விட்டேன். சுர்ரென்று நுரைத்தது. சிப்பித் துண்டு கலந்த கடற்கரை மணல்! கிணறு போதாதென்று மணலும் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அக்கா முற்றத்துத் தேசி மரத்தைக் காட்டினாள். அதன் கொழுந்தும் அதே வெளிறல், அதே பச்சை நரம்பு. அதற்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான்.

ஜூலை 9, செவ்வாய்

கறுப்புக் குஞ்சத்தில் ஒரு நுள்ளு பிய்த்து ஸ்பிரிட்டில் போட்டுவைத்தேன். பச்சையம் கரைந்துபோக, குஞ்சம் சிவந்து கிடந்தது. பார்க்கக் கறுப்பு, சாதியில் செம்பாசி. மருமகள் இதைப் பள்ளிக்கூட விஞ்ஞான ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகப் போகிறாளாம்.

மெல்ல வளரும் இலையில்தான் இது குடியேறும். அனுபியாஸ் அதற்கு வாய்ப்பான இடம். மோசமான இலைகளை அடியோடு வெட்டினேன். மிச்சத்தைத் தண்ணீருக்கு வெளியே எடுத்து, மருந்துக்கடை 3 வீத ஐதரசன் பெரொக்சைட்டைத் தூரிகையால் தடவிச் சற்று நேரம் விட்டுக் கழுவினேன். அனுபியாஸின் கிழங்கு மணலுக்குள் புதைந்திருந்தது. புதைத்தால் அழுகும். ஒரு கல்லில் நூலால் கட்டிவிட்டாயிற்று.

விளக்கு விடியற்காலையிலிருந்து படுக்கப்போகும் வரை எரிகிறது. பின்னேரம் துறைமுகத் தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெயில் வேறு. கண்ணாடியின் புள்ளிப் பாசிக்கு இதைவிட என்ன வேண்டும்? யன்னலுக்குத் திரை. விளக்குக்கு 7 மணித்தியாலம், டைமர் போட்டு.

ஜூலை 14, ஞாயிறு

மணல் முழுவதையும் அள்ளி ஆற்று மணல் போட்டோம். முதுகு போனது. இனிக் கிணற்றுத் தண்ணீர் இல்லை; கந்தளாய்க் குளத்திலிருந்து வரும் குழாய் நீர், வாளியில் குளோரின் போக ஹைப்போ போட்டு. வற்றினதை நிரப்பினால் மட்டும் போதாது, வாராவாரம் கால்வாசி இறைத்துவிட்டு மாற்ற வேண்டும் என்று அக்காவுக்கு விளக்கினேன். "தண்ணிய இறைச்சு ஊத்தவோ மீன் வளக்கிறது, தம்பி?" என்றாள்.

நீர் வெப்பம் 31. மேற்பரப்பில் வீச ஒரு சின்ன மின்விசிறி வைத்ததில் இரண்டு பாகை இறங்கியது. ஆவியாதல் கூடும்தான். ஆனால் இப்போது ஊற்றுவது மென்னீர்.

ஜூலை 20, சனி, போயா

காலையில் மருமகளின் அழுகைத் தொலைபேசி. கிரிப்டோகொரைன் இலைகள் எல்லாம் கூழாகிவிட்டன. இது இந்தச் செடியின் பிடிவாதம். இடம், நீர், வெளிச்சம் எது திடீரென்று மாறினாலும் இலையை உருக்கிவிடும். வேர் உயிரோடுதான் இருக்கும். அவளிடம் இருப்பது வென்ட்டியை என்ற இனம், இலங்கைக்கே உரியது, நம் நிழல் ஓடைகளில் பிறந்தது. 1958இல் டி விட் என்ற டச்சுத் தாவரவியலாளர் பெயரிட்டார். உலகத் தொட்டிகளில் எல்லாம் இருக்கிறது. தான் பிறந்த தீவில் கூழாகிறது.

கூழை உறிஞ்சி எடு, வேரில் கை வைக்காதே, வேறு செடி வாங்காதே என்றேன். கடைசியானதற்குத்தான் கடும் எதிர்ப்பு.

ஓகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. அக்கா தீர்த்தமாடப் போயிருந்தாள். கிரிப்ட் வேரிலிருந்து சுருள் சுருளாக மண்ணிறத் தளிர்கள், வெளிறல் இல்லை. பி.எச். 7.4. மருமகள் உரப் போத்தலில் கால் மூடிதான் ஊற்றுகிறாள், அதுவே வேலை செய்கிறது. கண்ணாடிப் புள்ளி பழைய அட்டையால் சுரண்டினதோடு சரி, திரும்ப வரவில்லை. பில்டர் குழாயின் நுனியில் செம்பாசி இன்னும் இருக்கிறது.

ஓகஸ்ட் 18, ஞாயிறு

வெட்டின இலை, மிதவைச் செடி எல்லாவற்றையும் வாளியோடு வாய்க்காலில் கொட்டப் போன மருமகளை மறித்தேன். மதிலில் வெயிலில் காயவைத்துத்தான் எறிய வேண்டும். ஆற்றுவாழையும் அழகுக்கென்று வந்ததுதான். அதைத் தடுக்க 1909இலேயே இந்த நாட்டில் சட்டம் போட வேண்டியிருந்தது. சல்வீனியா 1939இல் கொழும்பில் தாவரவியல் படிப்புக்குக் கொண்டுவரப்பட்டது. பிறகு குளங்களையும் வயல்களையும் மூடியது. 1986இல் அதைத் தின்னும் ஒரு வண்டை வரவழைத்து விட்ட பிறகுதான் பல இடங்களில் அடங்கியது.

"அந்த வண்டு பில்டர் குழாய்ப் பாசியையும் தின்னுமா மாமா?"

சல்வீனியாவை மட்டும்தான் தின்னும் என்றேன். பழைய பல் துலக்கியை எடுத்துக்கொண்டு குழாயைக் கழற்றப் போனாள்.