இரு வண்டுகளும் ஒரு தென்னையும்

வண்டு என்றதும் மலரும் தேனுமே எங்கள் நினைவில் எழும். இருபது ஆண்டுகளாகத் தமிழ் இலக்கியம் கற்பித்து வந்ததன் பயன் அது. பழம்பாடல்களின் வண்டு பெரும்பாலும் தேனீயைச் சார்ந்தது. கெட்டிச் சிறகுடைய வண்டினம் வேறு. அவ்வேறுபாட்டைக் கொல்லைத் தென்னை ஒன்றே எங்களுக்குக் கற்பித்தது.

தந்தையார் மறைவுக்கு முந்திய ஆண்டில் நட்ட மரம் அது. ஒருமுறை குருத்து விரிந்தபோது ஓலைகள் கத்தரிக்கோலால் நறுக்கியவைபோல் முக்கோணமாக வெட்டுண்டிருந்தன. மரமேறுபவர் மட்டையிடுக்கில் கம்பிக் கொக்கியை விட்டு, தலையில் கொம்புடைய கரிய காண்டாமிருக வண்டைக் குத்தியெடுத்தார். பகை தீர்ந்தது என மகிழ்ந்தோம். துளையை மூடத் தோன்றவில்லை.

காண்டாமிருக வண்டு எருக்குழியிலும் மட்கிய மரத்திலும் முட்டையிடும். புழு மட்கியதைத் தின்றே வளரும். உயிருள்ள தென்னையைத் தீண்டாது. சிறகு முளைத்த பின்னரே இரவில் பறந்து வந்து இளங்குருத்தைக் குடையும்.

சிவப்புக் கூன்வண்டு இதற்கு நேர்மாறு. செம்பழுப்பு நிறமும் நீண்ட மூக்கும் உடையது. தாய் வண்டு மரத்தின் காயங்களைத் தேடி முட்டையிடும். காண்டாமிருக வண்டு குடைந்த துளையும் அதற்குப் போதும். காலற்ற புழுக்கள் தண்டின் மென்சதையைத் தின்று, நாரால் கூடு கட்டி உள்ளேயே உருமாறும். முன்னதில் வளர்ந்த வண்டு பகை; பின்னதில் புழுவே பெரும்பகை.

சில மாதங்களில் தண்டிலிருந்து பழுப்புச் சாறு கசிந்தது. மழைநீர்க் கறை என்றிருந்தோம். பின்னர் ஒரு நாள் கொண்டை சாய்ந்தது. தண்டைப் பிளந்தபோது உள்ளே சக்கையும் கொழுத்த புழுக்களும்.

"கொம்பு வண்டத்தான் புடிச்சாச்சே தம்பி, அப்புறம் ஏன் சாஞ்சுது?" என்றார் அம்மா. எங்களிடம் விடையில்லை. வண்டைக் கொன்றுவிட்டு அது திறந்த வாயிலை விட்டுவைத்தவர்கள் நாங்கள். அந்த வண்டு பிறந்த இடமும் எங்கள் எருக்குழியாகவே இருந்திருக்கக்கூடும். மரத்திலிருந்து இருபதடி தொலைவில், ஆண்டுக்கணக்கில் கிளறப்படாமல் கிடந்தது.

இப்போது எருவைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்குகிறோம். அவற்றை அழிக்கும் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சையைக் குழியில் கலக்கிறோம். எஞ்சிய மரத்தின் மட்டையிடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் இடுகிறோம். தண்டில் காயம் படாமல் காக்கிறோம்.

வகுப்பில் வண்டு வரும் பாடல்களை இன்றும் மகிழ்ந்தே நடத்துகிறோம். இடையில் ஒருகணம் அம்மாவின் கேள்வி வந்து நிற்கும்.