பேரரசுக்கு முன்பு பல்லவர் யார்?

பல்லவர் என்றதும் மாமல்லபுரம் நினைவுக்கு வரும். ஆனால் பேரரசு ஆவதற்கு முன்பு அவர்கள் யார்? அந்தக் காலத்தின் ஒரு சுவடு பக்கத்திலேயே, திருக்கழுக்குன்றத்தில் இருக்கிறது.

வேதகிரீஸ்வரர் கோயிலில் ராஜகேசரி என்ற சோழனின் 27-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. அவன் முதலாம் ஆதித்தன் என்பது அறிஞர் கருத்து. ஸ்கந்தசிஷ்யன் என்ற பழைய அரசன் கோயிலுக்கு நிலம் கொடுத்தான்; வாதாபி கொண்ட நரசிம்மவர்மன் அதைக் காத்தான்; இப்போது சோழனும் காக்கிறான் என்கிறது அது. வாதாபி வீழ்ந்தது 642-இல். ஸ்கந்தசிஷ்யன் அதற்கும் முந்தியவன்!

பல்லவரின் முதல் செப்பேடுகள் பிராகிருதத்தில் உள்ளவை. அவர்கள் பாரசீகத்துப் பஹ்லவர் என்றார்கள் சிலர், தொண்டை மண்ணின் மக்களே என்றார்கள் சிலர். வழக்கு இன்னும் முடியவில்லை.

ரஷ்யாவிலும் இதே வழக்குதான். 12-ஆம் நூற்றாண்டில் கீவில் தொகுத்த நாளாகமம், கடல் கடந்த வராங்கியரான ரூரிக்கை 862-இல் உள்ளூர் மக்களே ஆள அழைத்ததாகச் சொல்கிறது. அந்தப் பழைய ருஸ் நாட்டை ரஷ்யரும் உக்ரைனியரும் தங்கள் தொடக்கம் என்கிறார்கள். இரு மக்களும் ஒன்றே என்று 2021-இல் புதின் கட்டுரை எழுதினார். 2022-இல் முழுப் போர் வந்தது.

ஆதித்தனும் பல்லவ அபராஜிதனைப் போரில் வீழ்த்தியவன்தான். ஆனாலும் பல்லவன் கொடுத்த நிலத்தை அவன் பறிக்கவில்லை, கொடுத்தவன் பெயரையும் அழிக்கவில்லை. ஸ்கந்தசிஷ்யனின் கொடை இன்று நமக்குத் தெரிவதே அந்தச் சோழன் கல்வெட்டால்தான்.