அம்மாவும் ரப்பர் தரையும்

அகமதாபாத்துக்கு மாற்றலாகி வந்தப்ப இந்த வீடு பிடிச்சுப் போனதுக்குத் தரைதான் காரணம். மோர்பி டைல்ஸ். முகம் பார்க்கலாம். போன மழைக்காலத்துல அந்தத் தரையிலதான் அம்மா வழுக்கி விழுந்தாங்க. குளிச்சிட்டு ஈரக்காலோட வந்தவங்க. வலது மணிக்கட்டு எலும்பு முறிஞ்சு 6 வாரம் மாவுக்கட்டு.

கட்டைப் பிரிச்சாச்சு, பயம்தான் போகலை. ராத்திரி பாத்ரூம் போகணும்னா என்னை எழுப்புவாங்க. ஒரு நாள், "என்னை ஊர்ல கொண்டு விட்டிரு மக்ளே, அங்க சிமெண்டுத் தரை"ன்னாங்க. அங்க தனியா யார் பார்த்துக்குவா?

ரப்பர் தரை போடலாம்னு முடிவு பண்ணேன். வங்கிக்காரனுக்குத் தெரிஞ்ச ரப்பர், கிளையில மின் பேனலுக்கு முன்னாடி கிடக்கிற விரிப்புதான். ஐஎஸ் 15652ன்னு அச்சடிச்சிருக்கும். அதையே கேட்டேன். "அது ஷாக் அடிக்காம இருக்க சார், வழுக்காம இருக்க இல்லை"ன்னு கடைக்காரர் சிரிச்சார்.

அம்மாவும் கூட வந்திருந்தாங்க. குலசேகரத்துக்காரங்க, ரப்பர் பால் உறைஞ்சு ஷீட் ஆகறதைப் பார்த்தே வளர்ந்தவங்க. 8 மி.மீ. கனத்துல ஒண்ணைக் காட்டினதும் மோந்து பார்த்துட்டு, "இது பழைய டயரு"ன்னாங்க. சரிதான். டயரை அரைச்ச தூளைப் பசை சேர்த்து அழுத்திச் செய்யறது. எடை விழற ஜிம்முக்கு நல்லது. சன்னல் மூடின படுக்கையறைக்கு அந்த வாடை ஆகாது. அடுத்து ரப்பர்னு சொல்லிக் காட்டினது பிவிசி. விலை குறைவு, ஆனா தண்ணி பட்டதும் வழுக்குச்சு.

அலைஞ்சதுல தெரிஞ்சுக்கிட்டது இவ்வளவுதான். வெயில் விழற பால்கனிக்கு இயற்கை ரப்பர் வேண்டாம், வெடிச்சிடும். இபிடிஎம் தாங்கும். எண்ணெய் சிந்தற சமையலறைக்கு நைட்ரைல். ஒரு துண்டு கேட்டு வாங்கி, சோப்புத் தண்ணி ஊத்தி வெறுங்காலால தேய்ச்சுப் பாருங்க. போட்டப்புறம் ஓரம் தூக்கக் கூடாது. அப்புறம் வழுக்கி விழறதுக்குப் பதிலா தடுக்கி விழ வேண்டியதுதான். அடியில ஈரமும் தங்கக் கூடாது.

வீடு முழுக்கப் போடக் கட்டுப்படியாகலை. வாடகை வீடு வேற. கட்டில்லேருந்து பாத்ரூம் வாசல் வரைக்கும் புள்ளி புடைச்ச ரப்பர் ஷீட்டை ஓரம் ஒட்டிப் போட்டோம். பாத்ரூமுக்குள்ள ஓட்டை வச்ச மேட், தினமும் தூக்கிக் காய வைக்கிற மாதிரி. அம்மா எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிற அன்னிக்கு அதை சோப்பு போட்டுக் கழுவிடறோம். உண்மையைச் சொன்னா, ரப்பருக்கு முன்னாடியே சுவர்ல 2 கைப்பிடியும் ஒரு ராத்திரி விளக்கும் வச்சிருக்கணும். செலவும் கம்மி. எனக்குத்தான் புத்தி லேட்டா வந்துச்சு.

போன வாரம் விடியக்காலை முழிச்சுப் பார்த்தா கட்டில்ல அம்மாவைக் காணோம். பதறி ஓடினேன். சமையலறையில கட்டன் சாயா போட்டுக்கிட்டு இருக்காங்க.

"என்னை எழுப்பலையாம்மா?"

"எதுக்கு மக்ளே? தரைதான் காலைப் பிடிச்சுக்கிடுதே."