வீரபாண்டியிலிருந்து வீரபாண்டிக்கு

ஆன்லைன்ல ஒரு டி-ஷர்ட் ஆர்டர் போடுறீங்க. "உங்க ஏரியாவுக்கு டெலிவரி உண்டா?"ன்னு பார்க்க ஆப் உங்ககிட்ட எதைக் கேட்குது? பேரையோ தெருவையோ இல்ல, பின்கோடை. நமக்கெல்லாம் அது வெறும் ஆறு எண். எங்க ஊர்க்காரங்களுக்கு அது இல்லைன்னா சிக்கல்தான்.

ஏன்னா தமிழ்நாட்டுல வீரபாண்டி ஒண்ணு மட்டும் இல்ல. பனியன் கம்பெனிகளுக்கு நடுவுல இருக்கிற எங்க திருப்பூர் வீரபாண்டி, கௌமாரியம்மன் கோயில் இருக்கிற தேனி வீரபாண்டி, சேலம் பக்கம் ஒண்ணு, கோவைப் பக்கம் ஒண்ணு. என் தாத்தா பிறந்தது தேனி வீரபாண்டி. 1981-ல் பனியன் கம்பெனிக்கு ஹெல்பரா வந்து சேர்ந்தது திருப்பூர் வீரபாண்டி. அனுப்புநரும் வீரபாண்டி, பெறுநரும் வீரபாண்டி!

இந்தக் குழப்பத்துக்காகவே வந்ததுதான் பின்கோடு. ஒரே பேர்ல பல ஊர், ஊருக்கு ஊர் வேற மொழி, வேற எழுத்து. இதைப் பார்த்து ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற அதிகாரி உருவாக்கிய முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளா பக்கம். முதல் மூணு எண் எந்தப் பகுதியில் தபாலைப் பிரிக்கணும்னு சொல்லும். கடைசி மூணு எண் எந்த போஸ்ட் ஆபீஸ்னு சொல்லும். ஐபி அட்ரஸ் படிச்சவங்களுக்குப் புரியும்: முன்பகுதியைப் பார்த்து ரூட் பண்ணு, பின்பகுதியைப் பார்த்து ஆளைப் பிடி.

இதுல ஒரு வேடிக்கை. திருப்பூர் 2009-லேயே தனி மாவட்டம் ஆயிடுச்சு. பின்கோடு மட்டும் இன்னமும் கோவையோட 641-லதான் தொடங்குது. தேனியும் அப்படித்தான், மதுரையோட 625.

தாத்தா வாராவாரம் ஊருக்கு கார்டு போடுவார். அந்த போஸ்ட் கார்டு 1869-ல் ஆஸ்திரியா-ஹங்கேரியில் பிறந்தது. பத்தே வருஷத்துல, 1879-ல், கால் அணா விலையில் இந்தியாவுக்கு வந்துடுச்சு.

1984-ல் தாத்தா வேற கம்பெனிக்கு மாறி, பக்கத்திலேயே வேற லைன் வீட்டுக்குக் குடிபோனார். "அடுத்த கார்டுல எழுதிக்கலாம்"னு புது அட்ரஸைச் சொல்லாமல் விட்டுட்டார். அந்த வாரம்தான் அவரோட அம்மா இறந்தாங்க. தந்தி அடிச்சாங்க. தந்தி சரியாத்தான் வந்தது, பழைய வீட்டுக்கு. அங்கிருந்த நண்பர் ஒருத்தர் கம்பெனி கம்பெனியா விசாரிச்சு, மூணாம் நாள் கொண்டுவந்து கொடுத்தார். தாத்தா ஊர் போய்ச் சேர்ந்தப்போ எல்லாம் முடிஞ்சிருந்தது.

1850-ல் கல்கத்தாவுக்கும் டைமண்ட் ஹார்பருக்கும் நடுவுல சோதனையாத் தொடங்கின தந்தி, 2013 ஜூலை 14-ஓட நம்ம நாட்டுல நின்னுபோச்சு. அந்த நியூஸை டிவியில் பார்த்துட்டு தாத்தா ஒண்ணும் சொல்லாமல் எழுந்து போனது ஞாபகம் இருக்கு. அப்போ எனக்குக் காரணம் தெரியாது.

தெரிஞ்சது போன செமஸ்டர்ல. டேட்டா ஆஃபருக்காகப் புது சிம் வாங்கினேன். அம்மாகிட்ட நம்பர் சொன்னேன், நண்பர்கள்கிட்ட சொன்னேன், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்கூட வெச்சேன். தாத்தாவோட பட்டன் போன் மட்டும் நினைவுக்கே வரல.

பத்து நாள் கழிச்சு ஹாஸ்டல் வார்டன் கூப்பிட்டு, சிரிச்சுக்கிட்டே ஒரு போஸ்ட் கார்டைக் கொடுத்தார். 50 பைசா கார்டு. நடுங்கின கையெழுத்து:

"நம்பர் போகலை. உங்கம்மாவைக் கேட்டா சொல்லும். ஆனா நீதான் சொல்லணும். தாத்தா."

கீழே ஹாஸ்டல் முகவரி. கட்டம் கட்டமா, ஒரு எண்கூடத் தப்பாமல், ஆறு எண்ணும்.

அன்னைக்கு ராத்திரியே போன் பண்ணினேன். அப்போதான் அந்தத் தந்திக் கதையைச் சொன்னார்.

நீங்களும் இந்த வருஷம் ரூம் மாத்தியிருப்பீங்க, சிம் மாத்தியிருப்பீங்க. ஸ்டேட்டஸ் பார்க்கத் தெரியாத யாராவது ஒருத்தர் உங்க பழைய நம்பருக்கு அடிச்சுக்கிட்டு இருக்காங்களான்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க.