ஃபைட்டருக்கு ஒரு ஹீட்டர்

மைசூர் யாருக்கும் ஒத்துக்கொள்ளும் ஊர். ஃபைட்டர் மீனுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தை மாத விடியலில் வெப்பம் 16 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். நமக்கு அது ஸ்வெட்டரும் காபியுமாகக் கழியும் சுகமான குளிர். தாய்லாந்தின் வயல் தண்ணீரிலும் சதுப்பிலும் பிறந்த இந்த வம்சத்துக்கோ 26, 27 டிகிரி வேண்டும். மேசைமேல் வைத்த கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர் எவ்வளவு நேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்? அறை குளிர்ந்தால் அதுவும் கூடவே குளிர்கிறது.

தசரா முடிந்து குளிர் இறங்கியதும் எங்கள் தெருவில் வால் கிழிந்த ஃபைட்டர்களின் பருவம் தொடங்கிவிடும். மீன் வளர்க்கிறவன் என்று பெயரெடுத்துவிட்டதால் போட்டோக்கள் எனக்கு வரும். "மாமா, வால் அழுகுது. என்ன மருந்து ஊத்தணும்?" என்று கீழ்வீட்டுப் பெண் கேட்பாள். நோய் இன்னதென்றும் அதற்கு மருந்து ஊற்ற வேண்டும் என்றும் கேள்வியிலேயே முடிவாகியிருக்கும். மருந்தின் பெயர் ஒன்றுதான் பாக்கி.

கிழிந்த வாலெல்லாம் அழுகிய வால் அல்ல. நான் முதலில் கேட்பது, எத்தனை நாளாக இப்படி என்பதுதான். அழுகல் மெல்ல வரும். ஓரம் முதலில் நைந்து, கறுப்பாகவோ சிவப்பாகவோ ஒரு கோடு விழுந்து, அந்தக் கோடு நாளாக ஆக உடம்பை நோக்கி நகரும். ராத்திரி முழுசாக இருந்த வாலில் காலையில் நேர்க்கோடாக ஒரு கிழிசல் என்றால் தொட்டிக்குள் கூரான ஏதோ இருக்கிறது. பெரும்பாலும் பிளாஸ்டிக் செடிதான். ஒரு பழைய நைலான் துணியை அதன்மேல் இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். துணியின் நூல் மாட்டுமிடத்தில் மீனின் துடுப்பும் மாட்டும். கடித்தெடுத்தாற்போல அரைவட்டமாக ஒரு துண்டே காணவில்லையா? கடித்தது அந்த மீனேதான்.

தன் வாலைத் தானே கடிக்குமா என்று கேட்பார்கள். ஹாஃப்மூன் வகையைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது. வாலை விரித்தால் 180 டிகிரி. காட்டு ஃபைட்டருக்கு இருப்பதோ குட்டைத் துடுப்பு. மனிதர்கள் இந்த மீனைக் குறைந்தது 400 ஆண்டுகளாக வளர்த்து வருவதாக 2022-இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. முதலில் சண்டைக்காக வளர்த்தார்கள்; அழகுக்காக வாலை நீட்டியது பிற்பாடு. சுமக்க முடியாத பட்டுப்புடவையைக் குழந்தைக்குச் சுற்றிவிட்ட கதைதான். ஃபில்டரின் நீரோட்டம் கொஞ்சம் வேகமாக இருந்தாலும் அந்த வாலை வைத்துக்கொண்டு நீந்த முடியாமல் அல்லாடும். சில மீன்கள் பாரத்தைக் கடித்தே குறைத்துக்கொள்கின்றன. இதற்கு எந்த பாட்டில் மருந்தும் உதவாது. நீரோட்டத்தைக் குறைக்க வேண்டும், ஒளிந்துகொள்ள இலை தழை வைக்க வேண்டும்.

உண்மையான அழுகலிலும் குற்றவாளி வெளியிலிருந்து வருவதில்லை. ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் எல்லாத் தொட்டியிலும் இருப்பவைதான். குளிரிலும் அழுக்கிலும் மீன் தளரும்வரை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகும். பழகிய தொட்டியில், ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். ஃபில்டரே இல்லாத கிண்ணத்தில் அந்த வேலைக்கு ஆள் ஏது? ஃபில்டர் இருக்கும் வீட்டிலோ, பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவி, இருந்த ஆட்களையும் கொன்றுவிடுகிறார்கள்.

"ஃபைட்டர் எந்தத் தண்ணியிலும் பொழச்சுக்கும் சார்" என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. செவுளுக்கு மேலே இருக்கும் ஒரு தனி உறுப்பால் அது வெளிக்காற்றையே மூச்சாக இழுக்கும். நம் பக்கத்திலும் இந்த வித்தை தெரிந்த மீன்கள் உண்டு. பனையேறிக் கெண்டையை எல்லோருக்கும் தெரியும். தரங்கம்பாடியில் அது பனைமரத்தில் ஏறக் கண்டதாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் கம்பெனி அதிகாரி எழுதியது 1797-இல் லண்டனில் அச்சானது. ஃபைட்டரின் குடும்பத்தையே சேர்ந்த இன்னொரு சிறு மீனை, பாண்டிச்சேரி அரியாங்குப்பம் ஆற்றில் கிடைத்ததை வைத்து, பிரெஞ்சு விஞ்ஞானி கூவியே 1831-இல் விவரித்திருக்கிறார். ஆக்சிஜன் குறைந்த வயலிலும் குட்டையிலும் இவை தாக்குப்பிடிப்பது அந்த உறுப்பால்தான். ஆனால் அம்மோனியாவின் எரிச்சலிலிருந்து அது காப்பாற்றாது. தண்ணீர் கெட்டால் மற்ற மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து காட்டிக்கொடுக்கும். ஃபைட்டர் எப்போதுமே மேலே வந்து மூச்சிழுக்கிற மீன் என்பதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. கடைசியில் துடுப்பு சொல்லித்தான் தெரிகிறது.

அதனால் வைத்தியத்தைத் தண்ணீரில் தொடங்குவதே முறை. கால்பங்குத் தண்ணீரை இரண்டொரு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஊற்றும் தண்ணீர் குளோரின் நீக்கியதாகவும் தொட்டியின் அதே சூட்டிலும் இருக்க வேண்டும். தொட்டிக்கு அளவான ஹீட்டர், கூடவே ஒரு தெர்மாமீட்டர். அதன்பிறகும் ஓரம் கரைந்தால் கல்லுப்பு: லிட்டருக்கு 1 முதல் 2 கிராம், தனியே கரைத்து மெதுவாக, பத்து நாளைக்கு மேல் போகாமல். உப்பு ஆவியாகாது, எடுத்த தண்ணீரின் அளவுக்கு மட்டுமே திரும்பச் சேர்க்க வேண்டும். மெத்திலீன் புளூ மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றினால் ஃபில்டர் பாக்டீரியாவும் சேர்ந்து போகும். அழுகல் உடம்பைத் தொட்டுவிட்டால், மீன் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேட்டுத்தான் ஆன்டிபயாடிக்.

இத்தனையும் செய்தபிறகு ஒரு வாரம் கழித்துக் கீழ்வீட்டுப் பெண் மறுபடி வருவாள். "மாமா, ஓரமெல்லாம் வெள்ளையா பூஞ்சை புடிச்சிருக்கு. இப்பவாவது மருந்து ஊத்தட்டுமா?" கண்ணாடிபோல மெல்லிசாக, நிறமில்லாமல் தெரியும் அந்த ஓரம் புதிதாக முளைக்கும் துடுப்பு. பூஞ்சை என்றால் பஞ்சுபோலப் புசுபுசுவென்று இருக்கும். அடிப்பாகம் கெடாமலிருந்தால் துடுப்பு திரும்ப வளரும். நிறம் பிறகு ஏறும். பழைய நிறமாகவே ஏறும் என்று சொல்ல முடியாது, சற்றுக் கோணலாகவும் வளரலாம். குணமாகிவரும் மீனின்மேல் மருந்தைக் கொட்டுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

இப்போது என்னிடம் ஆலோசனை கேட்கிறவர்களுக்கு வாங்கும் வரிசையைத் திருப்பிப் போட்டுச் சொல்கிறேன். முதலில் ஹீட்டர். அடுத்து இருபது லிட்டராவது கொள்ளும் தொட்டியும் மெதுவாக ஓடும் ஃபில்டரும். கடைசியில் மீன், அதுவும் குட்டைவால் பிளாக்காட். ஹாஃப்மூன்தான் வேண்டும் என்று குழந்தைகள் அடம்பிடித்தால் வாங்கிக்கொடுங்கள். அந்த வாலுக்கு வேலைசெய்யப் போவது நீங்கள்தான் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு.